வெறும் வயிற்றோடு வந்தவர்கள்

"பொய் சொல்றாங்க. அத்தனை பேரும் பொய் சொல்றாங்க."

புரொபசர் இதைச் சொன்னபோது அவர் கையில் சமோசா இருந்தது. ஒரு கையால் அதைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே, மறு கையால் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். திரையில் முப்பத்தொரு வரிசை எண்கள். ஒவ்வொரு வரிசையும் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண். பெயர் இருக்காது. ஆராய்ச்சியில் பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுவிடுவோம்.

"ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடலைன்னு ஃபார்ம்ல இருக்கு. ஆனா ரத்தத்துல இன்சுலின் இப்படி ஏறி நிக்குது. கொழுப்பு செல் எல்லாம் இப்பதான் விருந்து முடிஞ்ச மாதிரி கிடக்குது. இந்த மாதிரி ஜனங்களை வெச்சு வேலை பண்ணினா இப்படித்தான்."

இந்த மாதிரி ஜனங்கள். நான் ஆம்பூர்க்காரி என்பது அவருக்குத் தெரியும். என் அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர் என்பதும் தெரியும். என்னை வேலைக்கு எடுத்தபோது அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், அந்த ஊர்ப் பெண்களிடம் பேச அந்த ஊர்க்காரியே கிடைத்துவிட்டாள் என்று.

நான் எழுந்து நின்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்க வேண்டும். "சரி சார், என்னன்னு பார்க்கிறேன்" என்றேன். அந்த மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்புத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.

அந்த ஆராய்ச்சிக்கூடம் இருக்கும் ஊரை எழுத மாட்டேன். ஆம்பூரிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.

அப்பா சீவிப் போட்டது

என் வேலை என்ன என்று இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு முறை.

நான் கொழுப்பை ஆராய்கிறவள். வேலை இதுதான் என்று சொன்னால் கல்யாண வீடுகளில் ஜனங்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஒருவர், எதிர்த்துக் கேள்வி கேட்டேன் என்பதற்காக, "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லி, வெளியே நிறுத்தினார். நான் கேட்ட கேள்வி சரியானது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்பாவுக்கு டேனரியில் மெஷின் வேலை. பச்சைத் தோலின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும் சதையையும் கொழுப்பையும் சீவித் தள்ளுகிற மெஷின். சீவியது தொட்டியில் வெள்ளையும் மஞ்சளுமாகக் குவியும். யாரும் அதை ஒரு பொருளாக மதிக்க மாட்டார்கள். பசை காய்ச்சுகிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போனால் சரி. அப்பா வீட்டுக்கு வந்ததும் லைஃப்பாய் நிறத்தில் ஒரு சோப்பு, இரண்டு முறை குளியல். அப்படியும் நகக்கண்ணில் அந்த வாடை இருக்கும். அதற்காக என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று பெஞ்சு மாறியவள் ஒருத்தி உண்டு. அவள் பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நான் கற்றுக்கொண்டது இது. நம் உடம்பில் கொழுப்பு சும்மா கட்டிப் போட்ட மூட்டையாகக் கிடப்பதில்லை. அது ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. மூளைக்கு, கல்லீரலுக்கு, தசைக்கு, எல்லாவற்றுக்கும் சேதி அனுப்புகிறது. சில சேதிகள் ஹார்மோனாகப் போகின்றன. இன்னும் சில, செல் தன் உடம்பிலிருந்தே கிள்ளி அனுப்புகிற மிக நுண்ணிய பொட்டலங்களாக ரத்தத்தில் மிதந்து போகின்றன. அந்தப் பொட்டலங்களைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

இரவு முழுக்கப் பட்டினி இருந்தால் கொழுப்பு ஒரு சேதி அனுப்பும். வயிற்றில் ஏதாவது விழுந்துவிட்டால் சேதி மாறிவிடும். அதனால்தான் வெறும் வயிற்றில் வரச் சொல்கிறோம்.

எங்கள் கேள்வி எளிமையானது. ஒட்டிய கன்னமும் எலும்பு தெரிகிற தோளுமாக இருக்கிற நம் ஊர்ப் பெண்களுக்கு ஏன் சர்க்கரை நோய் வருகிறது? தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்த்துவைக்க இடம் கம்மியாக இருக்கிறவர்களுக்கு, மிச்சம் கல்லீரலில் போய் இறங்குகிறது என்று ஓர் எண்ணம். அந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும் செல்கள் என்ன சேதி அனுப்புகின்றன என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மெடிக்கல் ரூம்

கம்பெனிக்காரர்கள் சம்மதித்ததே பெரிய விஷயம் என்று புரொபசர் சொன்னார். சம்மதித்த லட்சணம் இது: வேலை நேரத்தில் ஒரு நிமிஷம்கூடத் தர முடியாது. ஷிஃப்ட் தொடங்கும் முன் மெடிக்கல் ரூமில் எடுத்துக்கொள்ளலாம். அதற்காக அந்தப் பெண்கள் ஒரு மணி நேரம் முன்னால் வரும் கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டும். ஏறினார்கள். நாலு மணிக்கு எழுந்து, சோறு வடித்து, குழம்பு வைத்து, பிள்ளைகளுக்கு டிபன் கட்டி வைத்துவிட்டு வந்தார்கள்.

கோகிலா அப்படி வந்தவள்தான். முப்பது வயதுக்கு இரண்டொன்று கூட இருக்கலாம். ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் வேலை. பேர்ணாம்பட்டு ரோட்டில் ஒரு கிராமம். மேசைமேல் படுத்துக்கொண்டு அவள் கேட்டது அந்த அறையில் எல்லோரையும் சிரிக்க வைத்தது.

"இன்னா மேடம், என் வயித்துல எங்க கீது கொழுப்பு, எடுக்கறதுக்கு?"

"பட்டாணி அளவு போதும்" என்றேன். "நானும் ஆம்பூர்தான். மேடம் எல்லாம் வேண்டாம்."

"அப்ப அக்கான்னே கூப்புடறேன். வலிக்குமாக்கா?"

வலிக்கும். மரத்துப்போக ஊசி போட்டாலும், பெரிய ஊசி உள்ளே போய் இழுக்கும்போது வயிற்றுக்குள் யாரோ கிள்ளுவது போல இருக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற நர்ஸ் ஷமீமின் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஷமீம் கம்பெனியின் சொந்த நர்ஸ். உருதும் தமிழும் கலந்து பேசி, அத்தனை பெண்களையும் தைரியம் சொல்லிப் படுக்க வைத்தது அவள்தான்.

முடிந்ததும் ஒவ்வொருத்தியிடமும் நான் சொன்னேன். ஒரு மாதத்தில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரும், என் கையால் கொண்டுவந்து தருவேன். ஒப்புதல் படிவத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அந்த வலிக்கு ஈடாக அவர்களுக்குக் கிடைக்க இருந்தது அது ஒன்றுதான்.

கையில் இருந்த டம்ளர்

சமோசாக் காட்சிக்குப் பிறகு வந்த சனிக்கிழமை ஆம்பூருக்குப் போனேன். மனசு பேஜாராக இருந்தது. பொய் சொல்லியிருப்பார்களோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டதுதான் காரணம். வெட்கம்தான்.

காலையில் அம்மா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கம்மா போற?"

"ரத்தம் குடுக்கணும். சக்கரைக்கு. வெறும் வயித்துல வரச் சொன்னான்."

சொல்லிக்கொண்டே கையிலிருந்த டம்ளரை ஊதி ஒரு வாய் குடித்தாள். கெட்டிப் பாலில், சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ.

"அப்ப அது இன்னா?"

"எது?"

"கையில."

டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "டீ."

"வெறும் வயிறுன்னு சொன்னியே."

"ஆமா. இன்னும் ஒண்ணும் சாப்புடல நானு. டீ குடிக்காம எப்படி பஸ் ஏறறது? தலை வலிக்காது?"

என் கையிலும் ஒரு டம்ளர் இருந்தது. அது இரண்டாவது. அந்த நேரத்தில் என்னை யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தால், இன்னும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். எங்கள் ஊரில் டீயை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. கட்டில் விட்டு இறங்குவது, முகம் கழுவுவது, டீ குடிப்பது. அதன் பிறகுதான் நாள் தொடங்கும்.

ஷமீமுக்கு போன் போட்டேன். அவள் ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்.

"டீ குடிக்காம யாரு மேடம் வருவாங்க? நாலு மணிக்கு எழுந்து வேலை பாத்துட்டு வர்றவங்க. நானே குடிச்சிட்டுத்தான் வர்றேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியே. ராத்திரிக்கு அப்பறம் சாப்டியான்னு கேட்டீங்க. இல்லைன்னாங்க. கேட்டிருந்தா எத்தன மணிக்கு, எத்தன டம்ளர்னுகூட சொல்லியிருப்பாங்க. ஒளிக்கறதுக்கு அதுல இன்னா இருக்குது?"

பையிலிருந்து அந்தக் கேள்விப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கம். காலை உணவு உண்டா? பழச்சாறு அருந்தினீர்களா? மது அருந்தினீர்களா? விடியற்காலையில் அடுப்படியில் நிற்கிற பெண்ணிடம் பழச்சாறு குடித்தாயா என்று கேட்டிருக்கிறோம். டீயைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்தப் படிவத்தின் இங்கிலீஷ் மூலம் புரொபசருடையது. தமிழில் எழுதியது நான். ஆம்பூரில் பிறந்து, டேனரிக்காரர் வீட்டில் டீ குடித்து வளர்ந்த நான். இந்த ஊர்க்காரி என்பதற்காகத்தானே என்னை எடுத்தார்கள். எதற்குப் பிரயோஜனப்பட்டேன்?

புரோட்டோகால்

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் புரொபசரிடம் போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், நிஜமாகவே. முப்பத்தொரு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே தப்பு, அதுவும் நம் தப்பு. நடந்த தப்பைத் தேதி போட்டு எழுதிவிட்டு, சரியாகக் கேட்டு, மறுபடி எடுக்கலாம்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"டீ குடிச்சா ஃபாஸ்டிங் இல்லைன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது சார். நம்ம சொல்லல."

"அப்போ நம்ம தப்புன்னு பேப்பர்ல எழுதச் சொல்றியா?"

"ஆமா சார்."

"நோ. விதிமுறையைப் பின்பற்றாதவங்களை நீக்கிட்டோம்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சது. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

நான் அடுத்ததைக் கேட்டேன். ரத்தத்தில் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டுகிற பரிசோதனை ஒன்று செய்திருந்தோம். அன்று காலை டீ குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அதில் பெரிய மாற்றம் வராது. அதில் ஐந்தாறு பேருக்கு அளவு ஏறியிருந்தது. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் என்னிடம் இருந்தது; கோகிலாவுக்கு நன்றாகவே ஏறியிருந்தது. அவளுக்கு சர்க்கரை நோய். அது அவளுக்குத் தெரியாது.

"அந்த ரிப்போர்ட்டையாவது குடுத்துடலாம் சார்."

"நீக்கினவங்களுக்கு ரிப்போர்ட் கிடையாது. ஒண்ணு செல்லாது, இன்னொண்ணு செல்லும்னு குடுத்தா நாளைக்கு நம்மளைக் கேள்வி கேப்பாங்க. புரோட்டோகால்."

ஒரு மனுஷி சர்க்கரை நோயோடு தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வயிற்றில் ஊசி போட்டு எடுத்தவர்களுக்கு அது தெரியும். சொல்லக் கூடாது. அதற்குப் பெயர் புரோட்டோகால்.

அதோடு விட்டாரா? கம்பெனி மேனேஜருக்கு ஒரு மெயில் அனுப்பினார். பங்கேற்றவர்கள் தவறான தகவல் தந்ததால் அந்தக் கம்பெனியில் ஆய்வு நிறுத்தப்படுகிறது என்று. எனக்கும் ஒரு நகல் வந்தது. படித்தேன். பதில் எழுதினேன். அனுப்பவில்லை.

அந்த மாதக் கடைசியில் என் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்.

நாலு மாதம். நான் நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பொட்டலங்களைப் பிரித்துப் படித்தேன், கருத்தரங்கில் பேசினேன், செல்லுக்கும் செல்லுக்கும் நடக்கும் பேச்சைப் பற்றிப் படம் போட்டுக் காட்டிக் கைதட்டல் வாங்கினேன். ஆம்பூரில் ஒருத்தியிடம் ஒரு வார்த்தை போய்ச் சொல்ல எனக்குத் துப்பில்லை. புரொபசர்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரமோ, அதில் ஒரு குந்துமணி குறையாமல் என்மேலும் இருக்கிறது.

பேர்ணாம்பட்டு ரோட்டில்

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் கேட்காமல், ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கவரில் போட்டுக்கொண்டு போனேன். ஷமீம்தான் வழி சொன்னாள்.

கோகிலா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே கறி வேகிற வாசனை. ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் துணிக்கட்டு.

"வாங்க மேடம்" என்றாள்.

அக்கா இல்லை. பிளாஸ்டிக் சேர் எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்து உரித்தாள்.

நான் கவரை எடுத்தேன். "கோகிலா, உன் ரிப்போர்ட்ட..."

"சக்கரை. அதானே?"

கவரை மடியில் வைத்துக்கொண்டேன்.

"நாக்கு வறண்டுக்கினே இருந்துச்சு. கால்ல ஒரு புண்ணு, ஆறவே இல்ல. நீங்க ரிப்போர்ட்டு கொண்டாருவீங்கன்னு பாத்தேன். ஒரு மாசம்னு சொன்னீங்க. ரெண்டு மாசம் பாத்தேன். அப்பறம் எங்க லைன்ல பதினோரு பேரு ஷேர் ஆட்டோ புடிச்சி கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டோம். எனக்கு ஜாஸ்தி இருக்குது. இன்னும் மூணு பேருக்கு இருக்குது."

"மாத்திரை சாப்பிடறியா?"

"சாப்புடறேன்."

இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். பிறகு சொன்னாள்.

"சூப்பர்வைசர் லைன்ல நின்னு சொல்றான். ஊசி போட வந்தவங்ககிட்டயே பொய் சொன்னவளுங்கதானே நீங்கன்னு. பாத்ரூம் போறேன்னு கேட்டாலும் அதையே சொல்றான். நா இன்னா பொய் சொன்னேன் மேடம்?"

"நீ பொய் சொல்லல. டீ குடிச்சியான்னு நாங்க கேக்கல. தப்பு எங்களுது."

"டீயா?" என்றாள். நம்ப முடியாமல் என்னைப் பார்த்தாள். "இதுக்கா இவ்ளோ?"

"இதுக்குத்தான்."

"இந்த ரிப்போர்ட்டு உங்களுக்கு எப்ப தெரியும்?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டு வந்தேன். நேற்றுதான் கைக்கு வந்தது என்று சொல்லிவிடலாம். அவள் நம்பியிருப்பாள்.

"ரத்தம் எடுத்த பத்தாம் நாளே தெரியும்."

அவள் கை நின்றது.

"அப்ப பொய் சொன்னது யாரு மேடம்?"

சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். உள்ளே குக்கர் விசில் அடித்தது. எழுந்து நொண்டிக்கொண்டு போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகும் கேட்டேன். எனக்குச் சூடு சொரணை கம்மி என்று நீங்கள் நினைக்கலாம். சரியாகக் கேட்டு, முறையாக, இன்னொரு தடவை வந்தால் சம்மதிப்பீர்களா என்றேன். கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. இந்தப் பெண்களுக்கு ஏன் வருகிறது என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது.

கோகிலா உரித்த வெங்காயத்தை எல்லாம் கிண்ணத்தில் அள்ளிப் போட்டாள்.

"மொதல்ல எழுதுங்க. நாங்க டீ குடிச்சோம், எங்கள யாரும் கேக்கல, ரிப்போர்ட்டு தெரிஞ்சும் குடுக்கலன்னு எழுதுங்க. இங்கிலீஷ்ல எழுதி உங்க ஆளுங்களுக்கே காட்டிக்காதீங்க. எங்க லைன்ல படிக்கிற மாதிரி எழுதுங்க. அந்த சூப்பர்வைசரும் படிக்கணும். அத எழுதிட்டு வாங்க. அப்பறம் வயித்தக் காட்றோம்."

எழுதியது

ஆராய்ச்சிக் கட்டுரையில் முதலில் எழுதிப் பார்த்தேன். இரண்டே வரி. டீ குடித்தார்களா என்று நாங்கள் கேட்கவில்லை, பிழை எங்களுடையது. புரொபசர் அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டார். விதிமுறையைப் பின்பற்றாத முப்பத்தொருவர் நீக்கப்பட்டனர் என்று போட்டுக்கொண்டார். ஒல்லியான உழைப்பாளிப் பெண்களைப் பற்றித் தொடங்கிய ஆராய்ச்சி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்திருந்த, ஏசி அறையில் வேலை பார்க்கிறவர்களின் கொழுப்பை மட்டும் வைத்து வெளிவந்தது. என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தார்கள். அடுத்த முறை ஒப்பந்தத்தை நீட்டிக்கவும் இல்லை. இப்போது இந்த மாவட்டத்திலேயே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன்.

இந்தப் பத்திரிகை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் கிடைக்கும். கம்பெனி கேன்டீனிலும் ஒரு பிரதி வாங்குகிறார்கள் என்று ஷமீம் சொல்கிறாள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

கோகிலா, நீங்கள் முப்பத்தொரு பேரும் உண்மையைத்தான் சொன்னீர்கள். நீங்கள் டீ குடித்திருந்தீர்கள். உங்களை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் நான். உனக்கு சர்க்கரை இருப்பது எனக்கு அப்போதே தெரியும். நாலு மாதம் சொல்லவில்லை, என் வேலை போய்விடும் என்று பயந்து. இதை லைனில் எல்லோருக்கும் படித்துக் காட்டு. அந்த சூப்பர்வைசர் முன்னால் சத்தமாகப் படி.

உன் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். என் பெயர் இந்தத் தொடரின் மேலே அப்படியே இருக்கிறது.